மழைக்காலத்துல ஹிமாலயா டிரெக் போறதுக்கு பல வருஷம் உழைக்கிற வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் எப்படி பார்த்து வாங்குறது?

ஆகஸ்ட்ல உத்தராகண்ட்ல இருக்கிற வேலி ஆஃப் ஃப்ளவர்ஸும் ஹேம்குண்ட் சாஹிப்பும் போறீங்க, ஜாக்கெட்ல 10,000 எம்எம் போதுமா இல்ல 20,000 எம்எம் வேணுமான்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா அந்த எம்எம் நம்பரை கடைசியா பாருங்க. துணி மேல எவ்வளவு உயரத்துக்கு தண்ணி நின்னா கசியாம தாங்கும்னு லேப்ல புது துணிய வெச்சு எடுக்கிற கணக்கு அது, 10,000ன்னா பத்து மீட்டர் தண்ணி. மழைத்துளி அவ்வளவு அழுத்தம் குடுக்காது, பேக் ஸ்ட்ராப் தோள்ல அழுத்துற இடத்துலதான் பிரச்சனை வரும், அதுக்கு 15,000, 20,000 இருந்தா தாராளம். அதுக்கு மேல போட்டிருக்கிற நம்பருக்காக காசு குடுக்காதீங்க.

முதல்ல ஜாக்கெட்டோட உள்பக்கத்த திருப்பிப் பாருங்க. உள்ள வலை மாதிரி லைனிங் தனியா தொங்கினா அது 2 லேயர். வழவழன்னு பிளாஸ்டிக் மாதிரி, மேல புள்ளி புள்ளியாவோ கோடாவோ பிரிண்ட் இருந்தா 2.5 லேயர். மெல்லிசான துணி ஒன்னு முழுசா ஒட்டியே இருந்தா அதுதான் 3 லேயர், பேக் மாட்டிக்கிட்டு மலை ஏறுறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். ஏன்னா நடுவுல இருக்கிற மெம்ப்ரேன்ங்கிற மெல்லிசான சவ்வுதான் தண்ணிய தடுக்குது, 3 லேயர்ல அதுக்கு ரெண்டு பக்கமும் துணி காவல் இருக்கு, வேர்வையும் உடம்பு எண்ணெயும் நேரா அதுல படாது. விலை குறைஞ்ச ஜாக்கெட்ல வெறும் பாலியூரித்தேன் பூச்சு மட்டும் இருக்கும், அது ஈரப்பதத்துலயும் சூட்டுலயும் தானா சிதையும். சென்னை மாதிரி ஊர்ல சுருட்டி லாஃப்ட்ல போட்டு வெச்சீங்கன்னா ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எடுக்கும்போது பிசுபிசுன்னு ஒட்டி, செதில் செதிலா உரியும், ஒரு மழை கூட பார்க்காமலே போயிடும். அதனால எதை வாங்கினாலும் நல்லா காயவெச்சு ஹேங்கர்ல தொங்க விடுங்க.

வெளித்துணியோட தடிமன் டினியர்ல போட்டிருப்பாங்க. 20 டினியர்னா ரொம்ப லேசு, பாறைல உரசினா தாங்காது. 40லேர்ந்து 70க்குள்ள எடுங்க, கொஞ்சம் வெயிட் கூடும், பரவாயில்ல. தையல் எல்லாத்துக்கும் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கான்னு விரல வெச்சு தடவிப் பாருங்க, சிலதுல தோள்லயும் ஹூட்லயும் மட்டும் ஒட்டிட்டு மத்தத விட்டுடுவாங்க. "வாட்டர் ரெசிஸ்டன்ட்"னு போட்டிருந்தா அது தூறலுக்குத்தான்.

இப்போ ஜாக்கெட் மூச்சு விடுற விஷயம், அதாவது உள்ள வேர்வை ஆவிய வெளிய விடுறது. கோர்டெக்ஸ் மாதிரி மெம்ப்ரேன் நீராவிய வெளிய விடும், தண்ணிய உள்ள விடாது, கோர்டெக்ஸ் 1969ல பாப் கோர்ங்கிறவர் சூடாக்கின டெஃப்லான வெடுக்குனு இழுத்துப் பார்த்ததுல கிடைச்ச பொருள்லேர்ந்து வந்தது. ஆனா உள்ள இருக்கிற ஈரம் வெளிய இருக்கிறதை விட கூட இருந்தாத்தான் ஆவி வெளிய போகும். ஆகஸ்ட் மழைல நடை ஆரம்பிக்கிற புல்னாலேர்ந்து, ராத்திரி தங்குற காங்கரியாவுக்கு ஏறும்போது வெளியவும் காத்து முழுக்க ஈரம், நீங்களும் வேர்த்துக் கொட்டுவீங்க, எவ்வளவு விலை உயர்ந்த மெம்ப்ரேனும் அங்க திணறும். அதனால அக்குள்ல ஜிப் இருக்கிற ஜாக்கெட்டா பாருங்க, என் வரைக்கும் இந்தியா மழைக்கு இது கட்டாயம். உள்ள காட்டன் டிஷர்ட் போட்டுட்டு "ஜாக்கெட் லீக் ஆகுது"ன்னு திட்டுறவங்கள நிறைய பார்த்திருக்கேன், நனைஞ்சது பெரும்பாலும் அவங்க வேர்வைலதான். ஹேம்குண்ட் நாலாயிரம் மீட்டருக்கு மேல, ஈரக் காட்டனோட அங்க போய் காத்துல நின்னீங்கன்னா நடுக்கம் நிக்காது, அது உயிருக்கே ஆபத்து, இதை மட்டும் தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க.

கடைல போட்டுப் பார்க்கும்போது ஜாக்கெட்டுக்கு உள்ளார ஃப்ளீஸ், அதாவது மெத்துன்னு இருக்கிற குளிர் சட்டை, போட்டுக்கிட்டு, முடிஞ்சா பேக்கும் மாட்டிக்கிட்டு போட்டுப் பாருங்க. ரெண்டு கையையும் மேல தூக்கினா இடுப்புத் துணி மேல ஏறக்கூடாது. ஹூட மாட்டி கயித்த இறுக்கிட்டு தலைய இடது பக்கம் திருப்புங்க, ஹூடும் கூடவே திரும்பணும், திரும்பலைன்னா வழுக்குற படில உங்களுக்கு பாதி கண்ணு தெரியாது. பாக்கெட் பேக்கோட இடுப்பு பெல்ட்டுக்கு மேல இருக்கணும், இல்லன்னா கை உள்ள போகாது.

வாங்கினதுக்கு அப்புறம்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. புது ஜாக்கெட் மேல தண்ணி ஊத்தினா சேப்பங்கிழங்கு இலைல மாதிரி உருண்டு ஓடும், வெளித்துணி மேல இருக்கிற டிடபிள்யூஆர் பூச்சோட வேலை அது. அழுக்கும் புகையும் சேர்ந்தா அது மங்கிடும், வெளித்துணி தண்ணிய குடிச்சு கனமாகும், ஆவி வெளிய போகாம உள்ள சில்லுனு ஈரமாகும். மெம்ப்ரேன் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஜாக்கெட் செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. துவைக்கணும். துவைச்சா கெட்டுடும்னு சொல்றத நம்பாதீங்க. நிக்வாக்ஸ் டெக் வாஷ் மாதிரி இதுக்குன்னே விக்கிறதுல அலசுங்க, கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் மட்டும் ஒரு சொட்டு கூட வேண்டாம். காய்ஞ்சப்புறம் லேபிள்ல அனுமதி இருந்தா மேல ஒரு துணிய போட்டு குறைஞ்ச சூட்டுல அயர்ன் பண்ணுங்க, மங்கின பூச்சுக்கு திரும்ப உயிர் வரும். அப்பவும் தண்ணி உருளலைன்னா ஸ்ப்ரே அடிச்சுக்கலாம். இப்போ வர்ற, பூச்சுல பிஎஃப்ஏஎஸ்ங்கிற ஃப்ளோரின் ரசாயனம் இல்லாத ஜாக்கெட்டுங்களுக்கு இந்த கவனிப்பு இன்னும் அடிக்கடி வேணும், எண்ணெய்ப் பிசுக்க அந்தப் பூச்சு அவ்வளவா தாங்காது.

3 லேயர் வாங்குற அளவுக்கு இப்போ கைல காசு இல்லன்னா அவசரப்பட்டு நடுத்தரமா ஒன்னு வாங்காதீங்க, இந்த ஒரு டிரெக்குக்கு பேக்கையும் சேர்த்து மூடுற நல்ல போன்ச்சோ, அதாவது தலை வழியா மாட்டுற மழை அங்கி, அதுக்கு உள்ள ஃப்ளீஸ் போதும். மேல காத்து வேகமா அடிச்சா போன்ச்சோ படபடன்னு தூக்கும், இடுப்புல ஒரு கயிறு கட்டிக்கோங்க. எது போட்டாலும் மாத்துத் துணியையும் சாக்ஸையும் தடிமனான பிளாஸ்டிக் கவர்ல கட்டி பேக்குக்குள்ள வைங்க, ரெயின் கவர் இருந்தாலும் முதுகுப் பக்கமா தண்ணி இறங்கத்தான் செய்யும்.