மணியாச்சி மாதிரி சின்ன ஊர் எப்படி ரயில் ஜங்ஷன் ஆனது?

ஊருக்காக வந்த ஜங்ஷன் இல்லை இது. தூத்துக்குடித் துறைமுகத்துக்காக வந்தது. 1870களில் மதுரையிலிருந்து தெற்கே போட்ட பாதையின் குறி, பருத்தி ஏறும், இலங்கைக் கப்பல் புறப்படும் தூத்துக்குடிதான். திருநெல்வேலிக்குப் பாதை பிரிந்த இடம் மணியாச்சி. அதனால் நெல்லை வண்டியில் வருகிறவர்கள், தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக (இலங்கைக் கப்பல் பயணிகளுக்கான ரயில்) இங்கே காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலியின் ஆங்கிலேய கலெக்டர் ஆஷும் முதல் வகுப்புப் பெட்டியில் அப்படித்தான் காத்திருந்தார். வாஞ்சிநாதன் அவரைச் சுட்டது அந்தச் சில நிமிட இடைவெளியில்தான். (கொடைக்கானலுக்கு மனைவியோடு கிளம்பிய பயணம் அது.) பின்னாளில் நிலையத்தின் பெயரே வாஞ்சி மணியாச்சி ஆயிற்று.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது. ஜங்ஷனுக்கு வேலை போகவில்லை: சென்னையிலிருந்து வரும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இன்றும் இங்கேதான் தூத்துக்குடிக்குப் பிரிகிறது.