தவறு என்னுடையது என்றாலும் வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு கேட்கலாமா?

இயந்திரத்தில் கை சிக்கிக் காயமடைந்த உங்களிடம், கவனக்குறைவு உங்களுடையது என்பதால் மருத்துவச் செலவுக்கு மேல் எதுவும் தர இயலாது என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. அது சரியா, வேறு என்னென்ன கேட்கலாம் என்று வினவியிருக்கிறீர்கள். அது சரியல்ல. எனக்கும் இதே பதில்தான் சொல்லப்பட்டது. நான் அதைச் சில மாதங்கள் நம்பவும் செய்தேன். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காயமடைந்த தொழிலாளி நீதிமன்றத்துக்குப் போய் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியிருந்தது. உன் கவனக்குறைவும் சேர்ந்திருக்கிறது, உடன் வேலை செய்தவனின் தவறு இது, ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்ற மூன்று வாதங்களில் ஏதேனும் ஒன்றால் அவர் தோற்றுப்போவார். இந்த நிலையை மாற்றத்தான் 1884இல் ஜெர்மனியும், 1897இல் பிரிட்டனும், 1923இல் இந்தியாவும் இழப்பீட்டுச் சட்டங்களை இயற்றின. இவற்றின் அடிப்படை ஓர் உடன்பாடு: காயம் வேலையின் காரணமாக, வேலையின்போது ஏற்பட்டது என்றால் யார் தவறு என்று கேட்காமல் இழப்பீடு தரப்பட வேண்டும், அதற்கு ஈடாக, சட்டம் வகுத்த அளவுக்கு மேல் முதலாளியிடம் கேட்கும் உரிமையைப் பல நாடுகளில் தொழிலாளி விட்டுக்கொடுக்கிறார். பட்ட வலிக்கும் மன வேதனைக்கும் இத்திட்டங்களில் பொதுவாகத் தனித்தொகை இல்லாததற்கு இதுவே காரணம். ஆகவே உங்கள் கவனம் ஒரு நொடி தவறியது என்பது உங்கள் உரிமையை அழிக்காது. மது அருந்திவிட்டு வேலை செய்வது, பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே அகற்றுவது போன்றவற்றைப் பல சட்டங்கள் விலக்காக வைத்திருக்கின்றன. ஆனால் வேண்டுமென்றே செய்ததும் கவனம் பிசகியதும் ஒன்றல்ல. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுச் சட்டமோ, உயிரிழப்போ கடுமையான நிரந்தர ஊனமோ நேர்ந்தால் தொழிலாளியின் ஒழுங்குமீறலையே காரணம் காட்ட முடியாது என்று அன்றே சொல்லிவிட்டது.

நிர்வாகங்கள் பெரும்பாலும் சட்டத்தை மறுப்பதில்லை. விபத்து வேலையிடத்தில் நடந்தது என்பதைத்தான் மறுக்கின்றன. உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் என் ஆள்காட்டி விரல் நசுங்கிய அன்று, என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போன மேற்பார்வையாளர், வீட்டுக் கதவில் விரல் சிக்கியதாகப் பதிவில் எழுத வைத்தார். வலியில் நான் அதைப் படிக்கவில்லை. அந்த ஒரு வரியை மறுக்க, அந்த நேரத்தில் நான் பணியில் இருந்ததைக் காட்டும் வருகைப் பதிவேடும், உடனிருந்த இருவரின் சாட்சியமும், ஓராண்டுக்கு மேற்பட்ட அலைச்சலும் தேவைப்பட்டன. நீங்கள் முதலில் உங்கள் வெளிநோயாளர் சீட்டையும் வீடு திரும்பும்போது தந்த அறிக்கையையும் எடுத்து, காயத்தின் காரணமாக என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிழை இருந்தால் மருத்துவரிடம் எழுத்து மூலமாகத் திருத்தம் கோருங்கள். விபத்து நடந்த நாள், நேரம், இயந்திரம், அருகிலிருந்தோர் பெயர் ஆகியவற்றை மறப்பதற்குள் எழுதி வையுங்கள்.

இனி என்னென்ன கேட்கலாம் என்பது. சிகிச்சைச் செலவு அவற்றுள் ஒன்று மட்டுமே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1925ஆம் ஆண்டு 17ஆம் உடன்படிக்கை, செயற்கை உறுப்பைத் தருவதையும் தேய்ந்தபின் மாற்றித் தருவதையும் கூட இழப்பீட்டின் பகுதியாக்கியது. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஊதியத்தின் ஒரு பங்கு தவணையாகக் கிடைக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு 121ஆம் உடன்படிக்கை, மனைவியும் இரு குழந்தைகளும் உள்ள தொழிலாளிக்கு இதை 60 விழுக்காடு என்றும், தொழிலாளி இறந்தால் அவர்களுக்கு 50 விழுக்காடு என்றும் குறைந்தபட்ச அளவாக வைத்தது. உங்கள் நாட்டுச் சட்டத்தின் விகிதம் வேறாக இருக்கலாம். எந்த விகிதமானாலும் அது கணக்கிடப்படுவது ஊதியத்தின் மீது. எனவே ஊதியத்தின் ஒரு பகுதியைச் சீட்டில் காட்டாமல் ரொக்கமாகப் பெற்றிருந்தால் அதற்கான சான்றையும் திரட்டுங்கள்.

நிரந்தர ஊனத்துக்கான தொகையில்தான் மிகப் பெரிய வேறுபாடு வருகிறது. சட்ட அட்டவணைகள் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு விழுக்காடு வைத்திருக்கும். நிறுவனம் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளவே விரும்பும். ஆனால் பல நாடுகளில் அளக்கப்படுவது உறுப்பின் இழப்பு மட்டுமல்ல, பொருளீட்டும் திறனின் இழப்பும்தான். முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த ஒரு தச்சர் வழக்கில், ஒரு கையோடு தச்சு வேலை செய்ய இயலாது என்பதால் அவருடைய இழப்பு முழுமையானது என்ற முடிவை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது. அட்டவணைப்படி அது முழு இழப்பு அல்ல. எனவே உங்கள் மருத்துவரிடம் விழுக்காட்டை மட்டும் கேட்காமல், நீங்கள் செய்துவந்த வேலையில் எவற்றை இனிச் செய்ய முடியாது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இயந்திரத்தின் குறைபாடு காரணமாக இருந்தால், அதைத் தயாரித்தவர் மீது தனியாக வழக்குத் தொடரவும் பல நாடுகளில் இடமுண்டு; ஒரே இழப்புக்கு இருமுறை தொகை பெற முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

நிர்வாகம் ஒரு தொகையைக் காட்டி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளில் கையொப்பம் கேட்கக்கூடும். காயம் ஆறி, இறுதி மதிப்பீடு வரும்முன் அதில் கையெழுத்திட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடன் நெருக்கும் வேளையில் மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும். மேற்சொன்ன 17ஆம் உடன்படிக்கையும், அத்தொகை முறையாகப் பயன்படும் என்று அதிகாரிக்கு உறுதி ஏற்பட்டால்தான் தவணைக்குப் பதிலாக அதைத் தரலாம் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. தொழிற்சங்கத்தையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ அணுகி, அந்தத் தாளை ஒருவர் படித்துப் பார்க்கச் செய்யுங்கள்.

விபத்து நடந்து எத்தனை நாளாயிற்று என்று நீங்கள் குறிப்பிடவில்லை. முதலாளிக்கு அறிவிப்புத் தருவதற்கும் மனுச் செய்வதற்கும் தனித்தனிக் காலக்கெடுக்கள் உண்டு. வாய்மொழியாகச் சொன்னதை நம்பியிருக்க வேண்டாம். இன்றே ஒரு கடிதம் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்குங்கள். அவர்கள் மறுத்தால், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள்.