துருவக் கடல் நுண்ணுயிர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இவ்வளவு குளிர்ந்த நீரில் நுண்ணுயிர்கள் செயலற்றுக் கிடக்கின்றனவா, பெருகுகின்றனவா?

பதில்: பெருகுகின்றன. கடல்நீர் சுமார் −1.8 பாகை செல்சியசில்தான் உறையும். அலாஸ்காவின் பாரோ முனைக் கடற்பனியில் கிடைத்த சைக்ரோமோனாஸ் இன்கிரஹாமி என்னும் பாக்டீரியம் −12 பாகையிலும் பத்து நாளுக்கொரு முறை இரட்டிக்கிறது.

கேள்வி: ஆர்க்டிக்கும் அண்டார்க்டிக்கும் ஒரே குளிர்தானே, நுண்ணுயிர்களும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. உலகின் ஆற்றுநீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிலம் சூழ்ந்த ஆர்க்டிக்கில் வந்து விழுகிறது. அந்த உப்புக் குறைந்த மேலடுக்கு மூடிபோல் நின்று, பாசிகளுக்குச் சத்தான, அடியிலுள்ள நைட்ரேட்டை மேலே வரவிடுவதில்லை. அண்டார்க்டிக்கைச் சூழ்ந்த தென்பெருங்கடலிலோ நைட்ரேட் மிகுதி, இரும்புதான் பற்றாக்குறை. சத்து வேறானால் அங்கே வாழ்பவையும் வேறு.

கேள்வி: ஆர்க்டிக்கிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் கோங்ஸ்ஃபியோர்டு என்னும் குறுகிய கடற்கழியில் ஒரு ஜூலையில் எடுத்த மூன்று புட்டி நீரின் டிஎன்ஏ முடிவுகளை இணைத்துள்ளேன். போலாரிபாக்டர் என்னும் பாக்டீரியப் பேரினத்தின் விழுக்காடு மிக உயர்ந்திருப்பது வெப்பமயமாதலால்தானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தை இருமுறை படித்தும் வெப்பநிலையோ உப்புத்தன்மையோ ஆழமோ எனக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய கடிதங்கள் தொடர்ந்து வருவதால் மீண்டும் எழுதுகிறேன்: எந்த நீரிலிருந்து எடுத்தது என்று தெரியாத மாதிரியால் பயனில்லை. அந்த ஃபியோர்டில் கோடையில் பனியாற்று உருகுநீர் வண்டலுடன் மேலே பரவியிருக்க, அதன் கீழே மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டம் கொண்டுவரும், உப்புத்தன்மை 35-ஐ (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) ஒட்டிய அட்லாண்டிக் நீர் கிடக்கிறது. ஒரு புட்டி மேலிருந்தும் இன்னொன்று கீழிருந்தும் வந்திருந்தால் நீங்கள் ஒப்பிட்டது இரு வேறு நீர்த்திரள்களையே அன்றி, காலநிலை மாற்றத்தை அன்று. போலாரிபாக்டர் பாசிப் பெருக்கம் தளரும்போது வெளிப்படும் சர்க்கரைச் சேர்மங்களை உண்டு வளர்வது. ஒரு வாரம் முன்பின் சென்றிருந்தாலும் உங்கள் விழுக்காடு மாறியிருக்கும். மேலும், விழுக்காடு எண்ணிக்கை அன்று: ஓரினம் குறைந்தால் மற்றவை பெருகாமலே பெருகியதுபோல் தோன்றும், ஆகவே செல்களை எண்ணுங்கள். உங்கள் கேள்வி மதிப்புள்ளது என்பதாலேயே இவ்வளவு கடிந்து எழுதுகிறேன். 2006 முதல் பெரும்பாலான குளிர்காலங்களில் அட்லாண்டிக் நீரின் வெப்பத்தால் அங்கே பனி சரியாகக் கட்டுவதில்லை. 2014-இல் இந்தியா அங்கே நங்கூரமிட்டு நிறுத்திய இன்டார்க் கருவித்தொகுதி நீருக்கடியில் ஆண்டு முழுவதும் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் பதிவதற்கென்றே வைக்கப்பட்டது. அத்தகைய பதிவை அருகில் வைத்துக்கொண்டு உங்கள் முடிவுகளைப் பாருங்கள்.

கேள்வி: பனி உருகி ஒளி கூடினால் பாசிகள் பெருகத்தானே வேண்டும்?

பதில்: ஒளி மட்டும் போதாது. ஆர்க்டிக் கடலின் கனடா படுகையில் 2004 முதல் 2008 வரை மேல்நீரின் உப்பும் நைட்ரேட்டும் குறைந்தன. பாசிகளின் மொத்த அளவு பெரிதும் மாறாமலிருக்க, 2 மைக்ரானுக்கும் (மைக்ரான்: மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை கூடி, அவற்றைவிடப் பெரியவை குறைந்தன. சிறிய செல்லுக்குப் பருமனை நோக்கப் பரப்பு அதிகம். அருகிய சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், எளிதில் அமிழாது.

கேள்வி: அண்டார்க்டிக்கின் ராஸ் கடலில் எப்போதும் டயட்டம்கள் என்னும் சிலிக்கா ஓடுடைய பாசிகள்தானா?

பதில்: இல்லை. நீர் ஆழமாகக் கலங்கும் இடத்தில் ஃபியோசிஸ்டிஸ் அண்டார்க்டிகா என்னும் வேறொரு பாசி மேலோங்கும். உருகுநீர் மெல்லிய அடுக்காக நிற்கும் இடத்தில் டயட்டம்கள்.

கேள்வி: அண்டார்க்டிக் மேல்நீரில் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியாவிலிருந்து வேறான ஒற்றைச்செல் நுண்ணுயிர்கள்) மிகுதி என்கிறார்கள். எங்கள் ஜனவரி மாதிரிகளில் ஏன் இல்லை?

பதில்: ஜனவரி அங்கே கோடை என்பதால்தான். அம்மோனியாவை ஆக்சிசனேற்றி வாழும் ஆர்க்கியாக்கள் இருண்ட குளிர்காலத்தில் மேல்நீரில் மிகுந்து, கோடையில் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. கோடையிலும் அவற்றைக் காண வேண்டுமானால் ஒளி எட்டாத ஆழத்து நீரை எடுங்கள். அடுத்த கடிதத்தில் வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம் மூன்றையும் குறிப்பிடுங்கள்.