மூக்கில் துண்டு கட்டினால் போதுமா?

கேள்வி: என் கணவர் சோழவரம், மீஞ்சூர் பக்கத்து வயல்களில் கூலிக்கு மருந்தடிக்கிறார். மூக்கில் துண்டு கட்டித்தான் அடிக்கிறார். அப்படியும் மருந்தடித்த அன்று தலைவலி, குமட்டல், வியர்வை. வெயில்தான் காரணம் என்கிறார். சரியா? (வாசகி, மாதவரம்)

பதில்: வெயிலாலும் இதெல்லாம் வரும். ஆனால் கண்ணின் பாப்பா குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கி, எச்சில் ஊறி, கண்ணீர் வழிந்து, சதை தானாகத் துடித்தால் அது வெயில் இல்லை, மருந்து. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள், நரம்பின் கட்டளையை நிறுத்திவைக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிவிடும். நரம்பு விடுகிற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும்.

துண்டை நம்பாதீர்கள். அது நனைந்து மருந்தை முகத்திலேயே ஒட்டவைக்கும். பெரும்பகுதி தோல் வழியாகத்தான் ஏறுகிறது. அதிலும் விதைப்பைத் தோல் முன்கையைவிடப் பல மடங்கு உறிஞ்சும். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால், அவர் குனியும்போதெல்லாம் மருந்து முதுகில் வழிந்து இடுப்புக்குள் இறங்கும். வெறும் தண்ணீர் ஊற்றி முதுகில் மாட்டி, ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சட்டை நனைந்தால் வாஷரை மாற்றாமல் வயலில் இறங்கக்கூடாது.

கலக்கும் நேரம்தான் மிக ஆபத்து, மருந்து நீர்க்காமல் இருக்கிறது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும். துணிக் கையுறை மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். நாசில் அடைத்தால் வாயால் ஊதுவது பலருக்குப் பழக்கம். பழைய டூத்பிரஷ் போதும். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

மருந்தடிக்கும் பருவம் தொடங்குமுன் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள். 'நார்மல்' வரம்பு ரொம்ப அகலம். அவருடைய பழைய அளவு தெரியாவிட்டால் இறக்கம் புலப்படாது. சிவப்பணுவில் இருக்கும் இந்த நொதி பழைய அளவைவிட 30 சதவீதம் குறைந்தால் கலிபோர்னியாவில் தொழிலாளியை மருந்து வேலையிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். மறுபடி ஏற மாதக்கணக்கில் ஆகலாம்.

மேற்சொன்ன அறிகுறிகளோடு மூச்சும் திணறினால், துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவியபடியே 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வேறெங்கு போனாலும் மருந்து பாட்டிலும் கூடவே போகட்டும், லேபிளைப் பார்த்தால் டாக்டருக்கு வேலை சுலபம். தெளிந்துவிட்டாரே என்று அன்றே கூட்டி வந்துவிடாதீர்கள். 1 முதல் 4 நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகலாம்.

கேள்வி: பால் கொடுத்தால் விஷம் முறியுமா? (வாசகர், எண்ணூர்)

பதில்: முறியாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். பல மருந்துகள் எண்ணெய்க் கரைப்பானில் இருப்பவை, வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து.