கால்வாய்ப் புல்லும் சினை பிடிக்காத மாடும்

கேள்வி: மணலியில் மூன்று கறவை மாடு வைத்திருக்கிறேன் ஐயா. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் அறுக்கும் எருமைப்புல்தான் முக்கியத் தீனி. ஒன்றுக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. கறுப்பு முடி செம்பட்டையாகிவிட்டது. எட்டு மாதக் கிடாரிக் கன்று வளரவே இல்லை. புல்தான் காரணமா?

பதில்: அம்மா, செம்பட்டை முடி என்று படித்ததுமே எனக்குச் செம்புச்சத்தின் மேல்தான் சந்தேகம் போனது. முடிக்குக் கறுப்பு ஏற, மாடு பருவத்துக்கு வர, கன்றின் எலும்பு வளர, எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டும். தீனியில் இருந்தாலும் அது உடம்பில் சேராமல் போகலாம். கால்வாய்க் கரைப் புல்லில் அனல்மின் நிலையச் சாம்பலும் சாக்கடை நீரும் சேரலாம். சாம்பலில் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு, சாக்கடை நீரில் கந்தகம் உண்டு. இரண்டும் மாட்டின் முதல் வயிற்றில் கூடினால் செம்பைக் கட்டிப்போட்டுவிடும்; அது சாணியோடு வெளியேறிவிடும். காட்மியம் என்ற நச்சு உலோகம் செம்பையும் துத்தநாகத்தையும் குடலில் ஏறவிடாது. ஈயத்தையோ சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து உடம்பு எலும்பில் சேர்த்துக்கொள்ளும். சினையிலும் கறவையிலும் எலும்பு கரையும்போது அது ரத்தத்தில் இறங்கும், பாலிலும் வரும். கன்றின் குடல் பெரிய மாட்டைவிட ஈயத்தை அதிகமாக உறிஞ்சும்.

கழுவிப் போட்டால் போதாதா என்று தோன்றும். ஈயம் பெரும்பாலும் இலையில் ஒட்டிய சேற்றிலும் தூசியிலும் இருப்பதால் கொஞ்சம் குறையும். காட்மியம் வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறிவிடும், கழுவினால் போகாது.

ஆனாலும் புல்தான் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். குடற்புழு இருந்தாலும் முடி வெளுக்கும், கன்று குறுகும். கருப்பையில் சீழ் இருந்தாலும் சினை நிற்காது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாட்டையும் கன்றையும் கொண்டுபோய்ச் சாணம், ரத்தம், கருப்பை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் செம்பு, ஈயம் அளவையும் கேளுங்கள். ஒரு பிடி புல்லையும் பாலையும் எங்கே சோதிக்கலாம் என்று விசாரியுங்கள். பாலில் ஈயம் என்று வந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாடிக்கைக்காரருக்கும் அதை ஊற்றக் கூடாது.

அந்தப் புல்லையும் கால்வாய்த் தண்ணீரையும் முடிவு வரும்வரை காத்திராமல் இன்றே நிறுத்திவிடுங்கள். வைக்கோல், சோளத்தட்டை, தவிடு, பிண்ணாக்கு கொடுங்கள். கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை தினம் 50 கிராம். கன்றுக்கு மருத்துவர் சொல்லும் அளவு. யாரோ சொன்னார் என்று மயில்துத்தம் என்ற செம்பு உப்பை நீங்களாகக் கலந்துவிடாதீர்கள், செம்பு கூடினாலும் ஈரல் கெடும்.

எந்த மாடாவது திடீரெனக் கண் தெரியாமல் முட்டினாலோ, பல்லை நறநறவெனக் கடித்தாலோ, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றாலோ ஈய நஞ்சாக இருக்கலாம். பழைய பேட்டரித் துண்டை நக்கினாலே இப்படி வரும். அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முளைக்கும் புது முடி கறுப்பாக வருகிறதா என்று சில மாதம் பாருங்கள். அடுத்த சினை ஊசியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.