ஊசியும் நூலும்: பழஞ்சேலைப் போர்வை

வாசகர் கேள்விகளுக்கு தேன்கனிக்கோட்டை தையல் டீச்சரின் பதில்கள்

கேள்வி: அம்மாவின் நூல் சேலைகள் பெட்டியில் கிடக்கின்றன. போர்வை தைக்க எத்தனை வேண்டும்? பட்டும் சேர்க்கலாமா?
வாசகி, பாலக்கோடு

பதில்: பட்டு வேண்டாம் கண்ணு. ஜரிகை தையல் நூலை அறுத்துவிடும், நினைத்தபோது துவைக்கவும் முடியாது. பாலியெஸ்டர் அதைவிட மோசம். வழுக்கும், வேர்வையை உறிஞ்சாது. நூல் சேலை மட்டும் எடுங்கள். அதுவும் வருஷக்கணக்கில் உடுத்தி நைந்ததில்தான் ஊசி சுகமாக இறங்கும்.

ஒரு சேலை ஐந்தரை மீட்டர். நடுவே வெட்டினால் ஒற்றைக் கட்டிலுக்கு இரண்டு அடுக்கு. பாலக்கோட்டுக்கு இரண்டு சேலை, நாலு அடுக்கு தாராளம். ஓசூர் பக்கம் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம்; அங்கே மார்கழிக்கு மூன்றாவது சேலையையும் உள்ளே வைப்பார்கள். அதற்கு மேல் அடுக்கினால் ஊசி திணறும்.

வெட்டிய பாதிகளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கெட்டியான இரண்டும் மேலுக்கும் அடிக்கும், நைந்தவை நடுவில். கிழிசல் மேலே வந்தே தீரும் என்றால் ரவிக்கைத் துணியில் ஒட்டுப் போடுங்கள். அம்மாவின் ரவிக்கையே இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் முன்கூட்டியே தனித்தனியாக நனைத்துத் துவைத்துவிடுங்கள். சாயம் போகிற சேலை அப்போதே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாண் இடைவெளியில் கச்சாத் தையல், அதாவது அடுக்குகள் நகராமலிருக்கப் போட்டு, பிறகு பிரித்துவிடுகிற நீளத் தையல். அது முடிந்தால்தான் ஓட்டுத் தையல், ஊசி மேலும் கீழுமாக ஒரே வரிசையில் ஓடுகிற சாதாரணத் தையல்.

கேள்வி: மெஷினில் ஒரே மதியத்தில் முடிகிற வேலை. கையால் தைக்கிறேன் என்றால் மருமகள் சிரிக்கிறாள்.
வாசகி, ஓசூர்

பதில்: சிரிக்கட்டும். மெஷினில் ஊசிக்குக் கீழே இருக்கிற பல் அடித்துணியைத் தள்ளும், மேல்துணி பின்தங்கும். நாலு அடுக்கு என்றால் ஓரத்தில் சுருக்கம் நிச்சயம். மேலும் கீழுமாக இரண்டு நூல் இறுக்குவதால் போர்வையும் விறைக்கும். கைத்தையலில் ஒரே நூல், துணியோடு சேர்ந்து அசையும். அடுக்குகளுக்கு இடையில் காற்று நிற்கும், கதகதப்பு அதிலிருந்துதான்.

இதெல்லாம் மருமகளுக்குச் சொல்ல. உங்களுக்குச் சொல்வது வேறு. மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு முழம் தைத்துவிட்டால் அப்புறம் கை தானாகப் போகும், வாய் ஊர்க்கதைக்குப் போகும். வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளி போதும். நான் சாக்குக்கட்டியால் கோடு போடுவதில்லை. என் நாத்தனார் தையல் நூல் பிடித்தாற்போல் இருக்கும். என்னுடையது தொப்பூர் கணவாய். இரண்டும் ஒரே மாதிரிதான் குளிர் தாங்குகின்றன.

கேள்வி: இது வடநாட்டு வேலை இல்லையா?
வாசகர், ஊத்தங்கரை

பதில்: பழந்துணி இருக்கிற ஊரிலெல்லாம் உண்டு. வங்காளத்தில் காந்தா, தையல் நூலையே பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். மகாராஷ்டிரத்தில் கோதடி, பக்கத்துக் கர்நாடகத்தில் கவுதி.

எனக்குப் பிடித்தது அதே கர்நாடகத்தின் ஹளியாள், எல்லாப்பூர் பக்கத்தில் சித்தி என்கிற இனத்து மக்கள் தைக்கிற கவண்டி. அவர்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். நான் நடுவிலிருந்து தொடங்கச் சொன்னேன் அல்லவா, அந்தப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைக்காவிட்டால் போர்வை முடிந்ததாகவே கணக்கில்லை. கச்சாத் தையல் போடச் சோம்பல்படுகிறவர்கள் அந்த முறையைப் பழகலாம்.

கேள்வி: ஊசி குத்திக் குத்தி விரல் புண்ணாகிறது. நூலும் முறுக்கிக்கொள்கிறது.
வாசகி, அரூர்

பதில்: நடுவிரலுக்கு அங்குஸ்தான், அதாவது விரல்நுனியில் மாட்டுகிற சின்னத் தொப்பி போடுங்கள். டெய்லர் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள். கோத்ததும் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்தால் முறுக்காது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மட்டும் உட்காராதீர்கள். வெளிர்நிறச் சேலையில் ஏறினால் போகவே போகாது.