பிஜி இல்லாத டாக்டர் நேரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி: எம்பிபிஎஸ் முடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ராணிப்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராக இருக்கிறேன். பிஜி எனும் மருத்துவ மேற்படிப்புக்காக இரண்டு முறை நீட் பிஜி தேர்வு எழுதியும் விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை. மூன்று வயதில் மகள் இருக்கிறாள். நைட் டூட்டி இனி தாங்காது. பிஜி இல்லாமலே நாலு விதமான வேலைகளைச் சேர்த்துக்கொண்டு பிழைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நம்மூரில் பலர் செய்வதுபோல் வேண்டாம். பகலில் ஒரு மருத்துவமனை, ராத்திரி இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது இடத்தில் லோகம், அதாவது விடுப்பில் போன டாக்டருக்குப் பதிலாள் வேலை. மூன்று இடத்திலும் அதே அட்மிஷன் நோட்ஸ், அதே டிஸ்சார்ஜ் சம்மரி, கன்சல்டன்ட்டுக்கு அதே போன். கையில் காசு கூடும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் புதிதாக ஒன்றும் கற்றிருக்க மாட்டோம்.

முதலில் ஒரு நிலையான ஓபியை (வெளிநோயாளிகளைப் பார்க்கும் வேலையை) பிடியுங்கள். வாரத்தில் மூன்று நாலு வேளை போதும். ஒரே இடம், ஒரே நேரம். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா நோயாளிகள் திரும்பத் திரும்ப உங்களையே தேடி வர வேண்டும். நீங்கள் எழுதிய மருந்து மூன்று மாதம் கழித்து என்ன செய்தது என்று டூட்டி டாக்டர் வேலையில் தெரியவே தெரியாது. ஓபியில் தெரியும். மற்ற வேலைகள் வரும், போகும். மாதச் செலவுக்கு இது நிற்கும். சொந்த கிளினிக் என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தாக வேண்டும். ஒரே அறை கொண்ட கிளினிக்குக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது வேலை என்ன என்று கேட்டால், உங்கள் ஊரை வைத்தே சொல்வேன்: தொழிற்சாலை மருத்துவம். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல், ரசாயன ஆலைகள் இருக்கும்போது இதை ஏன் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதே ஆச்சரியம். ஆபத்தான செய்முறைகள் உள்ள ஆலைகள் தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும், மருத்துவ அலுவலரும் வைத்திருக்க வேண்டும். சிறிய ஆலைகளுக்குப் பகுதி நேர டாக்டர் போதும். அதாவது வாரத்தில் ஓரிரு நாள், பகல் நேரம். இதற்கான தகுதி ஏஎஃப்ஐஎச் என்ற மூன்று மாதத் தொழிற்சாலை சுகாதாரப் படிப்பு. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்துகிறது. எம்பிபிஎஸ் போதும்.

வேலை சலிப்பாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். குரோமேட் என்ற குரோமிய ரசாயனத்தைக் கையாளும் தொழிலாளியின் விரல் இடுக்கில் விளிம்பு தடித்த சிறு புண் இருக்கும், வலி பெரிதாக இராது. ‘சும்மா கீறல் டாக்டர்’ என்பார். டார்ச் அடித்து மூக்குக்குள்ளும் பாருங்கள். நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருந்தாலும் அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து எழுதினால் அவரை இடம் மாற்ற வேண்டும், காற்றோட்டத்தைச் சரி செய்ய வேண்டும், நிர்வாகத்துக்குச் செலவு. சம்பளம் தருபவரிடமே அதைச் சொல்லும் தைரியம் இருந்தால்தான் இந்த வேலைக்குப் போக வேண்டும். வெறும் ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடும் ஆலைகளும் உண்டு. அங்கே போகாதீர்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தக் கையெழுத்து உங்களுடையது.

போனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்க்கும் டெலிமெடிசினை உப்புப்போல் அளவாகச் சேர்த்தால் போதும். 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாக அனுமதிக்கின்றன: மருந்துச் சீட்டில் பதிவு எண், பேசியதற்குப் பதிவேடு, போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகள் கூடவே கூடாது. உங்கள் ஓபி நோயாளிகளின் ஃபாலோ அப்புக்கு அருமையான வசதி. ஆனால் ஒரு போன் அழைப்புக்கு இவ்வளவு என்று தரும் ஆப் கம்பெனிகளில் மூன்று நிமிடத்தில் நோயாளியைப் பேசி அனுப்பப் பார்ப்போம், வேறு வழியிருக்காது.

படிப்பு விஷயம். வேலூர் சிஎம்சியின் தொலைதூரக் கல்வியில் குடும்ப மருத்துவப் படிப்பு இருக்கிறது. வேலையை விடாமல் படிக்கலாம், உங்களுக்கு வேலூர் பக்கம்தான். ஓபியில் உட்காரப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ளது குறைவு. ஆனால் அது பிஜி பட்டம் ஆகாது. ஆறு மாத சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு போர்டில் ‘சர்க்கரை நோய் நிபுணர்’ என்று போடுபவர்களைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தத் துறையில் உரிய தகுதி இல்லாமல் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன.

பிஜி ஆசை இன்னும் மிச்சம் இருந்தால், அரசு டாக்டர்களைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்ஆர்பி) தேர்வை ஒதுக்கிவிடாதீர்கள். அரசுப் பணியில் சேர்ந்து உரிய காலம் முடித்தவர்களுக்கு அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு பிஜி இடங்களில் தனிப் பங்கு உண்டு. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டைப் பாருங்கள். எந்த ஊரில் போஸ்டிங் விழும் என்பது உங்கள் கையில் இல்லை. குழந்தையோடு அதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக, யாரும் சொல்லித் தராத காகித வேலை. நாலு இடத்தில் வேலை என்றால் எல்லோரும் உங்களை ‘கன்சல்டன்ட்’ என்று எழுதி, 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு பணம் போடுவார்கள். பிஎஃப் இல்லை, மகப்பேறு விடுப்பு இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி வருமான வரிக் கணக்கைத்தான் கேட்கும், அதனால் முதல் வருடத்திலிருந்தே ஒழுங்காகத் தாக்கல் செய்யுங்கள்.

அதைவிட முக்கியம் இன்டெம்னிட்டி காப்பீடு, அதாவது சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் இழப்பீட்டைத் தாங்கும் காப்பீடு. மருத்துவமனை எடுத்திருக்கும் பாலிசி அந்த மருத்துவமனைக்குத்தான். உங்கள் ஓபிக்கும் ஆலைக்கும் வராது. உங்கள் பெயரில் தனியாக ஒன்று எடுங்கள். இந்தப் பாலிசிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: சிகிச்சை தந்த நாளில் பாலிசி இருந்தால் மட்டும் போதாது, வழக்கு வரும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நடுவில் ஒரு வருடம் புதுப்பிக்காமல் விட்டால் பழைய நோயாளிகள் விஷயத்தில் பாதுகாப்பே இல்லாமல் போகலாம். கம்பெனி மாற்றினாலும், பழைய பாலிசியின் முன்தேதி (எந்த நாள் முதல் தந்த சிகிச்சைக்குப் பாதுகாப்பு என்ற தேதி) புதியதிலும் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்போதைய மருத்துவமனை வேலையை விடும் முன் இதை முடித்துவிடுங்கள்.